மூன்று ரவிக்கைகளும் ஒரு விலைச்சீட்டும்

நான் முதன்முதலில் சம்பாதித்தது நாற்பது ரூபாய். ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது, நானே தைத்த ஒரு கோணல் பர்ஸுக்கு. அதன் ஜிப் பாதி தூரம் வந்து நின்றுவிடும். அதற்கு மேல் இழுத்தால் கையோடு வந்துவிடும். பள்ளிக்கூடக் கண்காட்சியில் யாரோ ஒரு பையனின் அப்பா அதை எடுத்தார், சீட்டில் இருந்த விலையைப் படித்தார், பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். நாற்பது என்று எழுதியது நான்தான். ஆனால் எழுதினால் கொடுத்துவிடுவார்கள் என்று யார் கண்டார்கள்?

எழுதச் சொன்னது டீச்சர். திருவனந்தபுரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ‘பிரவர்த்தி பரிசயம்’ என்று கைவேலை பழக ஒரு பீரியட் உண்டு. செய்த பொருள் ஒவ்வொன்றிலும் அதன் பெயர், செய்தவர் பெயர், விலை மூன்றையும் எழுதிய சீட்டைக் குத்தியாக வேண்டும். விலை எழுதாத கைவேலைக்கு மார்க் கிடையாது. டீச்சர் இதில் மகா கண்டிப்பு.

நாற்பது ரூபாயோடு வீட்டுக்கு வந்தபோது அம்மா மிஷினில் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சியை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். அன்றுதான் எனக்குக் கோபம் வந்தது. அம்மாவின் தையல் அவ்வளவு அழகு. தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் தைப்பாள். தெரிந்தவர்களிடம் காசு கேட்க மாட்டாள். "என்ன தரணும்?" என்று அவர்களும் கேட்பார்கள், "அதெல்லாம் என்ன, இருக்கட்டும்" என்று இவளும் சொல்லுவாள். மறுநாள் ஒரு தட்டில் உண்ணியப்பம் வரும். பலாப்பழக் காலத்தில் பாதிப் பழம் வரும். நான் கோணல் பர்ஸுக்கு நாற்பது ரூபாய் வாங்கியிருக்கிறேன், அம்மா லைனிங் வைத்த ரவிக்கைக்குப் பலாச்சுளை தின்றுகொண்டிருக்கிறாள்!

இத்தனைக்கும் அம்மாவுக்கு முழங்கால் வலி. மிதித்து ஓட்டும் பழைய மிஷின். சாலைக்கடைத் தெருவில், அப்பா கணக்கு எழுதும் அரிசிக் கடைக்கு நாலு கடை தள்ளி, மிஷினுக்கு மாட்டும் மோட்டார் விற்கும் கடை ஒன்று உண்டு. அதன் வாசலில் அம்மா நிற்பாள், விலை கேட்பாள், தலையாட்டுவாள், நடந்துவிடுவாள். கூட நிற்கும் எனக்கு அவமானமாக இருக்கும். அந்த மோட்டாரை எப்படியாவது வாங்க வைத்துவிட வேண்டும் என்று நான் முடிவு கட்டினேன்.

அப்போது அம்மாவின் கையில் இருந்தவை மேல்வீட்டு வல்லியம்மாவின் மூன்று ரவிக்கைகள். வல்லியம்மா என்றால் மலையாளத்தில் பெரியம்மா. உறவெல்லாம் இல்லை, நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி. அவரும் கணவரும் மகளும் மாடியில், நாங்கள் கீழே. அம்மா அவரைச் சேச்சி என்பாள். மகளுக்குக் கல்யாண நிச்சயம் நெருங்கியிருந்ததால் கசவு என்கிற ஜரிகைக் கரை வைத்து மூன்று ரவிக்கை. அம்மா வல்லியம்மாவுக்கு அளவே எடுக்க மாட்டாள். கண்ணாலேயே தெரியும் என்பாள்.

சனிக்கிழமை காலை மூன்றையும் தேய்த்து மடித்துத் தாளில் சுற்றி, மேலே கொடுத்துவிட்டு வா என்று என்னிடம் தந்தாள். நான் படிக்கட்டுத் திருப்பத்தில் உட்கார்ந்து சுருளைப் பிரித்தேன். சீட்டுகளை முந்தின நாளே தயார் செய்து வைத்திருந்தேன். பொருள்: ரவிக்கை, லைனிங் வைத்தது. செய்தது: அம்மா. விலை: ரூ. 250. அழகான மலையாளத்தில், ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பூ. விலை நானாகப் போட்டதல்ல. சாலையில் ஒரு தையல்கடைப் பலகையில் பார்த்தது. மூன்றிலும் குண்டூசியால் குத்தி, முன்பு இருந்தபடியே சுற்றிக்கொண்டு மேலே போனேன்.

மாடியில் ஆட்கள் இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து நாலைந்து பெண்கள், முன்னால் நேந்திரங்காய் வறுவலும் சாயாவும். வல்லியம்மா என்னைப் பார்த்ததும் மலர்ந்து, கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். நிச்சயத்துக்கு உடுத்தவேண்டிய ரவிக்கை, என்னுடைய அனியத்தி தைத்துத் தந்தது என்று அவர்களிடம் சொன்னார். அனியத்தி என்றால் தங்கை. கீழ்வீட்டில்தான் இருக்கிறாள், எனக்கு ஒன்று என்றால் அவளுக்கு உறக்கம் வராது என்று சொல்லிக்கொண்டே தாளைப் பிரித்தார்.

மாப்பிள்ளையின் அத்தை போல ஒருத்தி மேலே இருந்த ரவிக்கையை எடுத்துக் கசவைத் தடவிப் பார்த்தாள். பிறகு சீட்டை எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்து, விலை வரைக்கும் உரக்கப் படித்தாள். "அனியத்தி ஃபிக்ஸட் ரேட்டாணல்லே?" என்றாள், தங்கைக்கும் ஃபிக்ஸட் ரேட்தானா என்று. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், டீச்சர் இருந்திருந்தால் மெச்சியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு.

வல்லியம்மா சிரிக்கவில்லை. என் கையை விட்டுவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்து எழுநூற்றைம்பது ரூபாயை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

"அம்மாகிட்ட குடு, மோளே. இனி பாக்கி ஒண்ணும் இல்லேன்னு சொல்லு."

நான் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிக் கீழே வந்தேன். பணத்தை மிஷின் பலகையில் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மிதித்துக்கொண்டிருந்த அம்மாவின் கால் நின்றுபோயிற்று. யாரு எழுதினா என்று கேட்டாள். நான்தான் என்றேன். அடி விழும் என்று கூட நான் நினைக்கவில்லை, மோட்டார் எப்போது வாங்கலாம் என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா பணத்தைப் பொறுக்கிக்கொண்டு, செருப்பு கூடப் போடாமல் மாடிக்கு ஓடினாள். முழங்கால் வலிக்காரி அப்படி ஓடியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

போன வேகத்தில் திரும்பி வந்தாள். பணம் கையிலேயே இருந்தது. அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னாள்: "கால்ல விழாத கொறையா கேட்டேன். வாங்க மாட்டேன்னுட்டா. வேலை செஞ்சா கூலி வாங்கணும்லா, அதுல என்ன தப்புன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுகா."

அப்பா என்னைப் பார்த்து, "ஆறு வருஷமா இந்த வீட்டுக்கு வாடகை ஒரு ரூவா ஏறல்ல. அது எதுனாலன்னு நெனச்சே மக்ளே?" என்றார். அவருடைய குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வாடகை வேறு, ரவிக்கை வேறு, இதையும் அதையும் எதற்கு முடிச்சுப் போடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கணக்கு எழுதுகிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

நிச்சயத்துக்கு எங்களையும் அழைத்தார்கள், மரியாதைக்குக் குறைவில்லை. வல்லியம்மா அந்த மூன்றில் எதையும் போட்டிருக்கவில்லை. உண்ணியப்பத் தட்டு நின்றுபோயிற்று. அடுத்த மாதம் வீட்டுக்காரர் இறங்கி வந்து, வாடகையை இன்றைய ரேட்டுக்கு மாற்றலாம் என்றார். இனி எல்லாம் கணக்காக இருக்கட்டும், இரண்டு பேருக்கும் அதுதானே நல்லது என்று நயமாகத்தான் பேசினார். அவர் சொன்ன தொகை அப்பாவின் சம்பளத்தில் பாதி. கரமனைக்கு அப்பால் ஓட்டு வீடு ஒன்று பார்த்தோம். எழுநூற்றைம்பது ரூபாயை அம்மா அதுவரை சாமி படத்துக்குப் பின்னால் தொடாமல் வைத்திருந்தாள். சாமான் ஏற்றிய வண்டிக்கு அது சரியாகப் போயிற்று.

வண்டி புறப்படுகிற காலையில் வல்லியம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் ஒரு ரவிக்கைத் துணி. எங்கள் வெற்று வீட்டுக்குள் வந்து, அம்மாவிடம் அதை நீட்டி, தைத்துத் தருவாயா என்று மெல்லக் கேட்டார். அம்மா வாங்கிக்கொண்டாள். கட்டி வைத்திருந்த மூட்டையை அவிழ்த்து அளவு நாடாவைத் தேடி எடுத்தாள். தோள், கை, மார்பு என்று ஒவ்வொன்றாக அளந்து நோட்டில் எழுதினாள். வல்லியம்மா கைகளை விரித்தபடி அசையாமல் நின்றார்.

"லைனிங் வெச்சா இருநூத்தம்பது, சேச்சி. பத்து நாளாகும்."

எனக்கு உள்ளுக்குள் எப்பேர்ப்பட்ட பெருமை! கடைசியில் அம்மா விலை சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டாள், அதுவும் நான் எழுதிய அதே விலை. சரி என்று தலையசைத்த வல்லியம்மாவின் கண்கள் நிறைந்து வழிந்தன. முன்றானையால் துடைத்துக்கொண்டு மாடியேறிப் போய்விட்டார். நான் வண்டியில் அம்மாவின் மடியில் உட்கார்ந்து, கரமனைப் பாலம் தாண்டும் வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். இருநூற்றைம்பது அவ்வளவு அதிகமா? கொஞ்சம் குறைத்து எழுதியிருக்கலாமோ?