பட்டாளத்துக்காரருக்கு நான் வைத்த பரீட்சை

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, மாசி மாதக் கிருத்திகை நாளில், திருத்தணி மலையடிவாரத்தில் நடந்தது இது. அங்கே என் அண்ணியும் நானும் ஒரு சிறிய சமையற்கூடம் நடத்துகிறோம். கல்யாணம், மொட்டை, காதுகுத்து என்று மலைக்கு வரும் குடும்பங்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் இலைச் சாப்பாடு சமைத்துத் தருவோம். சமையல் முழுவதும் அண்ணியின் பொறுப்பு. சமூகப்பணியில் முதுகலை படித்தவள் என்பதாலோ, ஒரு கிலோ வெங்காயம் நறுக்க எனக்குப் பிடிக்கும் நேரத்தைப் பார்த்தோ, தொலைபேசியை அண்ணி என்னிடம் ஒப்படைத்திருந்தார்.

எங்களைப் போன்ற கடைக்குத் தொலைபேசிதான் வாசல். தெரியாத எண் என்று எடுக்காமல் விட முடியாது. அந்த எண்ணில் ஒரு கல்யாண வீடு இருக்கலாம். ஆனால் வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் பதிவு செய்யப்பட்ட குரல்கள். இன்னும் இரண்டு மணி நேரத்தில் எங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், ஒன்பதை அழுத்துங்கள் என்று ஒரு குரல். கேட்காமலே கடன் தர ஒரு குரல். எங்கள் கடையை இணையத்தில் முதலிடத்துக்குக் கொண்டுபோக இன்னொரு குரல். நான் வெளியே போயிருக்கும் நேரங்களில் அண்ணி கடலைமாவுக் கையோடு முழங்கையால் பொத்தானை அழுத்தி, அந்தக் குரல்களோடு பொறுமையாக உரையாடுவார்.

“அது மெஷின் அண்ணி. அதுகிட்ட போய் ஏன் பேசிகினு இருக்கீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“மெஷினோ இன்னாவோ, பொம்பள பேசிகினு இருக்கா. பாதியில எப்டிமா வைக்கறது?” என்றார்.

இந்தத் தொல்லைகளைச் சிரித்துக் கடந்துவிட்டோம். அதற்கு முந்தைய ஐப்பசியில் வந்த ஓர் அழைப்பை அப்படிக் கடக்க முடியவில்லை. தன்னை இராணுவ அதிகாரி என்று சொன்ன ஒருவன், பக்கத்தில் முகாம் போட்டிருப்பதாகவும் வீரர்களுக்கு நாற்பது பொட்டலம் வெண்பொங்கல் வேண்டும் என்றும் கேட்டான். கட்டி வைத்தோம். பணம் அனுப்புவதற்காக ஒரு கியூ.ஆர். கோடை எனக்கு அனுப்பி, அதை ஸ்கேன் செய்து என் ரகசிய எண்ணைப் போடச் சொன்னான். குரலில் இருந்த மிடுக்கில் மயங்கி, நானும் மூன்று இலக்கங்களைப் போட்டுவிட்டேன்.

“காசு வாங்கறதுக்கு நம்ம பூட்ட ஏன்மா தொறக்கணும்?” என்று அடுப்படியிலிருந்து அண்ணி கேட்டார். முதுகலைப் பட்டதாரியின் விரல் நான்காவது இலக்கத்துக்கு முன் நின்றது. நாற்பது பொட்டலங்களையும் காவடியோடு நடந்து வந்தவர்களுக்குக் கொடுத்தோம்.

நான் தப்பித்துவிட்டேன், மற்றவர்கள் தப்பிக்க வேண்டுமே என்ற கவலை அன்றே பற்றிக்கொண்டது. அடிவாரத்தில் இருக்கும் சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. மோசடி அழைப்புகளை அடையாளம் காண்பது எப்படி என்று அதில் நீண்ட குறிப்புகள் எழுதினேன். துண்டறிக்கை அச்சடித்துப் பூக்கடை, வளையல் கடை, காவடி வாடகைக்குக் கொடுக்கும் கடை என்று ஒட்டினேன். நம் குரலையே போலியாகச் செய்து பேசுகிறார்கள் என்றும் எச்சரித்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பரீட்சையை நானே கண்டுபிடித்தேன். பட்டாளத்துக்காரன் என்று யாராவது பேசினால், “திருத்தணி மலைக்குப் படி எத்தனை?” என்று கேட்க வேண்டும். முந்நூற்று அறுபத்தைந்து என்பது இந்த வட்டாரத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதவன் வெளியூர் மோசடிக்காரன். இவ்வளவு எளிய வழி யாருக்கும் தோன்றவில்லையே என்று உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

கிருத்திகைக்கு நான்கு நாள் முன்பு அந்த அழைப்பு வந்தது. ஆண் குரல். தமிழில் பாதி தெலுங்கு வாசமும் மீதி இந்தி வாசமும் அடித்தது.

“மேடம், நான் ஆர்மில இருக்கறேன். சொந்த ஊரு பள்ளிப்பட்டு. வர்ற கிருத்திகைக்கு எங்க பாப்பாவுக்கு மொட்டை, காதுகுத்து. அறுபது பேருக்கு மதியச் சாப்பாடு வேணும். அட்வான்ஸ் இப்பவே போட்டுடறேன், நம்பர் சொல்லுங்க.”

ஆர்மி என்ற சொல்லிலேயே நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். முன்பணம் தானாக வருகிறது என்றதும் மோசடிதான் என்பதில் ஐயமே இல்லாமல் போயிற்று. பரீட்சையை வைத்தேன்.

“படியா?” என்று அவர் தடுமாறினார். “நாங்க எப்பவும் வண்டிலயே மேல போயிடுவோம் மேடம். ஒரு இருநூறு இருக்குமா?”

“அடுத்த தடவ நல்லா படிச்சிட்டு போன் பண்ணுங்க,” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதோடு விட்டேனா? அந்த எண்ணைப் படமெடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, “பட்டாளத்துக்காரன் என்ற பெயரில் பேசும் மோசடிக்காரன், எச்சரிக்கை!” என்று குழுவில் போட்டேன். கைதட்டும் படங்கள் வரிசையாக வந்தன. “எனக்கும் பண்ணான், வாங்கு வாங்குனு வாங்கிட்டேன்” என்று டிபன் கடை அண்ணன் எழுதினார். அடிவாரத்துக் கடைவீதியையே ஒரு பெரிய மோசடியிலிருந்து காப்பாற்றிய நிறைவோடு அன்று வீட்டுக்குப் போனேன்.

கிருத்திகை அன்று காலை எட்டரை மணி இருக்கும். தெருவெங்கும் மஞ்சள் வேட்டியும் அரோகரா ஒலியுமாக இருந்தது. வேறொரு குடும்பத்தின் கல்யாணச் சாப்பாட்டுக்காக அண்ணி பெரிய அண்டாவில் உலை வைத்திருந்தார். வாசலில் ஒட்ட முடிவெட்டிய ஓர் இளைஞர் வந்து நின்றார். கூடவே அவர் மனைவி. இடுப்பில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு வயதுப் பெண்குழந்தை.

“அக்கா, அறுபது பேருக்கு மதியம் சாப்பாடு கிடைக்குமா? நாலு நாளா போன்ல கேட்டுப் பாத்துட்டேன். நேத்துதான் டிரெயின் எறங்கி ஊரு வந்தேன். இங்க எந்தக் கடையிலயும் தர மாட்டேன்றாங்க.”

முகம் புதிது, ஆனால் குரல் எனக்குத் தெரிந்துவிட்டது.

அவரே தொடர்ந்து சொன்னார். கல்யாணமாகி மூன்று ஆண்டுகளில் அவர் பொறுப்பெடுத்துச் செய்யும் முதல் விசேஷம். பதினொரு மணிக்கு மலைமேல் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்த வேண்டும். மனைவி வீட்டார் இரண்டு வேன்களில் பள்ளிப்பட்டிலிருந்து கிளம்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி வடக்கே ரயிலேற வேண்டும். வேறு நாள் கிடையாது. கிருத்திகைக் கூட்டத்தில் அறுபது பேர் ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிட அடிவாரத்தில் இனி வழியே இல்லை. பெண் கொடுத்த வீட்டாரைப் பட்டினியோடு அனுப்பினார் என்ற பேச்சு, அவர் எல்லையில் நிற்கும் காலமெல்லாம் ஊரில் அவருக்குப் பதிலாக உட்கார்ந்திருக்கும்.

வாயைத் திறக்காமல் இருந்தால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். நான்தான் அது என்று அவருக்குத் தெரியவே போவதில்லை. இந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. சில நொடிகள் அது என்னோடு பேரம் பேசியது. பிறகு குழந்தை என்னைப் பார்த்துக் கையை நீட்டியது, சொல்லிவிட்டேன்.

“உங்களத் திருடன்னு எல்லாக் கடைக்கும் சொன்னது நான்தாங்க.”

அவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். “அப்போ அந்தப் படி...? ஏழு கடையில படி எத்தினின்னு கேட்டாங்க மேடம். நான் ஏதோ இங்க புதுசா வந்த பழக்கமோன்னு நெனச்சேன்.”

“மொதல்ல கேட்டதும் நான். மத்தவங்கள கேக்கச் சொன்னதும் நான்.”

அவருக்குக் கோபம் வந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் மனைவிதான் முதலில் சிரித்தார். “நாட்டக் காவல் காக்கறவரையே திருடன்னு வட்டம் போட்டு ஒட்டிட்டீங்களே! இதுல அந்தப் படிக் கணக்கு எனக்கு முன்னாடியே தெரியும். இந்தாளு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டாரா?”

“இதெல்லாம் பொண்டாட்டிகிட்ட கேட்டா அசிங்கம்ன்னு இருந்துட்டேன்,” என்று அவர் முணுமுணுத்தார்.

அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். “தப்பா சொன்னது எல்லார் போன்லயும் போச்சில்ல? அதே வழியில போயி இப்ப சோறு கேளு. சோறும் பாயசமும் என்னுது. கொழம்பு, பொரியல், அப்பளம் எல்லாம் உம்பாடு.”

உடனே குழுவில் என் குரலைப் பதிவு செய்து அனுப்பினேன். அவர் மோசடிக்காரர் இல்லை, தவறு என்னுடையது, ஒவ்வொரு கடையும் பத்துப் பேருக்குரிய ஒரு பண்டம் கொடுத்தால் போதும் என்று கெஞ்சினேன். பதிவு செய்த குரல்களை ஆண்டுக்கணக்கில் திட்டித் தீர்த்தவளின் பதிவு செய்த குரல், அன்று காலை கடை கடையாக ஒலித்தது. ஒருவரும் பதில் எழுதவில்லை. பதறிப்போய் டிபன் கடை அண்ணனை அழைத்தேன்.

“யார் பேசறது?” என்றார் சந்தேகமாக.

பெயரைச் சொன்னேன்.

“குரல் அந்தப் பொண்ணு மாதிரிதான் இருக்குது. ஆனா குரலே டூப்ளிகேட்டு பண்றானுங்கன்னு அந்தப் பொண்ணுதான் சொல்லிச்சி. எங்க, படி எத்தினி சொல்லு?”

“முந்நூத்தி அறுபத்தஞ்சிண்ணா!”

“அது எல்லா களவாணிக்கும் தெரியும். போன வை.”

என் பரீட்சையின் தரம் அந்த நொடியில்தான் எனக்கு முழுமையாக விளங்கியது. இணையத்தில் தேடினால் எந்த மோசடிக்காரனும் தேறிவிடுவான். பிறந்ததிலிருந்து வண்டியில் மேலே போன பள்ளிப்பட்டுக்காரர் தோற்றுப்போவார்.

வேறு வழியில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். அந்த இளைஞரும் கூடவே வந்தார். ஒவ்வொரு கடை வாசலிலும் நான் நடந்ததைச் சொல்ல, அவர் வெட்கத்தோடு தன் இராணுவ அடையாள அட்டையை நீட்டினார். டிபன் கடை அண்ணன் அட்டையைப் பார்க்கவேயில்லை. இளைஞர் பேசிய முதல் வார்த்தையிலேயே குரலை அடையாளம் கண்டு, தலையில் கைவைத்துக்கொண்டார். “ஆங், அந்தக் குரலேதான்! எப்பா, உன்ன நான் இன்னான்னா பேசிட்டேன்!” என்றவர், வாளி நிறையச் சாம்பாரைத் தூக்கிக் கொடுத்தார். அடுத்த கடையில் இன்னொரு சாம்பார். மூன்றாவது கடையில் சாம்பார்தான் இருக்கிறது என்றார்கள். மறுக்கும் நிலையில் நான் இல்லை. எலுமிச்சை சாதமும் வடையும் உருளைக்கிழங்குப் பொரியலும் எப்படியோ சேர்ந்தன. காவடிக் கடைக்காரர் தம் கொட்டகையைக் காலி செய்து, மயிலிறகுகளை ஓரமாகச் சாய்த்துப் பாய் விரித்தார்.

ஒரு மணிக்குப் பந்தி உட்கார்ந்தது. காது சிவந்து அழுதுகொண்டிருந்த குழந்தை, அண்ணியின் பாயசத்தை நாக்கில் வைத்ததும் அடங்கியது. நான்தான் பரிமாறினேன். முதல் வரிசைக்கு ஒரு சாம்பார், அடுத்த வரிசைக்கு வேறொன்று. மறு சோற்றுக்கு மூன்றாவது வாளி வந்தபோது குழந்தையின் தாய்மாமன் நிமிர்ந்து தம் மச்சானைப் பார்த்தார்.

“இன்னா பாவா, தடவைக்கு ஒரு சாம்பாரு வந்துகினே இருக்குது?”

என் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. இளைஞர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தம் மைத்துனர் பக்கம் திரும்பினார்.

“பட்டாளத்துல அப்டித்தான் போடுவாங்க பாவா. ஒவ்வொரு ஊருக்கு ஒரு கொழம்பு. ஸ்பெஷலா சொல்லி வச்சேன்.”

“அதான பாத்தேன்! ஆர்மிக்காரன் விருந்துன்னா சும்மாவா?” என்று அவர் இலையில் பள்ளம் செய்து மூன்றாவது சாம்பாரையும் வாங்கிக்கொண்டார். பக்கத்தில் இருந்த பெரியவர், இரண்டாவதைத்தான் மறுபடி ஊற்றச் சொன்னார். இளைஞரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தது, அந்த இடத்தில் எனக்கும் அண்ணிக்கும் மட்டும்தான் புரிந்தது.

நாலு நாள் அவமானத்தை அத்தனை பேர் முன்னால் என்மேல் இறக்கி வைக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஒரு பொய்யை வேடிக்கையாகச் சொல்லி, என்னைக் காப்பாற்றிவிட்டுப் போனார். வேனில் ஏறும்போது கைகூப்பினேன். “நீங்க உஷாரா இருக்கறது நல்லதுதான் மேடம்,” என்றார். “எங்க அம்மாவுக்கும் அந்த மாதிரி போன் வருது. ஆனா ஆள ஒரு நிமிஷம் பேச விடுங்க.”

அந்த ஒரு நிமிடத்தைத்தான் இப்போது நான் தருகிறேன். பரீட்சையைக் கைவிட்டு, குழந்தைக்கு என்ன பெயர், தாய்மாமன் எந்த ஊர், காரம் எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறேன். உண்மையாக விசேஷம் வைத்திருப்பவர்கள் பேச்சை நிறுத்துவதில்லை. ஏமாற்ற வருபவர்கள் விரைவில் சலித்துப் போகிறார்கள். அப்படியும் ஐயம் தீராவிட்டால், வீட்டிலிருந்து யாரையாவது கடைக்கு நேரில் அனுப்பச் சொல்கிறேன்.

பதிவு செய்த குரல்கள் இன்றும் ஓயவில்லை. இப்போதும் யாரோ ஒருவன் ஏமாற்றப் பேசுகிறான், நானும் எண்ணைப் படமெடுத்து வைக்கிறேன். ஆனால் அதை ஊர் முழுக்க அனுப்பப் போகும்போது, அந்த முனையில் அறுபது பேருக்கு இலை போட வழி தேடித் தவிக்கும் ஒருவர் இருக்கக்கூடும் என்ற நினைவில், என் விரல் இன்னமும் சற்று நேரம் தயங்கி நிற்கிறது.