நாலு வண்டி, அஞ்சு பேர்

எங்கள் ஊர்ப் பக்கம் மேடே கிடையாது. ஏரிக்கரைதான் உயரம். அதனால் சைக்கிள் வாங்கியதும் முதல் வேலையாகப் பிரேக்கையும் முன் மட்கார்டையும் கழற்றிவிடுவோம். பிரேக் கட்டை உரசினால் மிதிக்கப் பாரம். நிறுத்த வேண்டுமானால் செருப்புக் காலை முன் டயர்மேல் வைத்து அழுத்தினால் போதும். நின்றுவிடும்.

இந்த வண்டிகளோடுதான் ஐந்து பேர் மலைக்குப் புறப்பட்டோம். எண்பதுகளின் தொடக்கம். ஒரகடத்துக்கு மேற்கே, வாலாஜாபாத் சாலையிலிருந்து ஒரு மைல் உள்ளே எங்கள் ஊர். நான் அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். மில் மோட்டார் எரிந்துபோய் பத்து நாள் வேலை இல்லை. யோசனை ஐவரில் ஒருவரான தையல்காரருடையது.

"மலைய பஸ்ல இருந்து பாத்தா அது இன்னா பாக்கறது" என்றார்.

அவரே ஐந்து மஞ்சள் துணி தைத்து, சிவப்பில் 'மலைச் சுற்றுப் பயணம்' என்று எழுதி, ஆளுக்கொன்று ஹாண்டில்பாரில் கட்டினார். டீக்கடைக்காரர் படித்துப் பார்த்தார்.

"போறது சைக்கிள்ல. வர்றது லாரிலயா?"

"சைக்கிள்லதான் வருவோம்" என்றார் தையல்காரர். "அஞ்சு வண்டியும் ஒரே வரிசையா ஊருக்குள்ள வரும், பாரு."

என் வண்டி மூட்டை சுமந்து பார் விரிசல் விட்டுப்போயிருந்தது. நான் எடுத்துப்போனது என் மனைவியின் தம்பி வண்டி. அவனுக்கு அப்போதுதான் மறைமலை நகரில் ஒரு ஃபேக்டரியில் வேலை கிடைத்திருந்தது. மூன்று வருஷம் கேட் கேட்டாக அலைந்து கிடைத்த வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். செகண்ட் ஷிஃப்ட், மதியம் இரண்டு மணி. ஊருக்கு பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஷிஃப்ட் முடிந்து திரும்ப பஸ் கிடையாது. வண்டி இல்லாமல் அந்த வேலை இல்லை.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் வண்டி வூட்ல நிக்கும் மச்சான்" என்றேன்.

"வந்துரு மாமா" என்றான்.

ஜவ்வாது மலையில் ஏறியதைவிடத் தள்ளியதுதான் அதிகம். அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. மூட்டை தூக்குகிறவனுக்கு சைக்கிள் என்ன கனம். காற்று குளிர்ந்து வந்தது. தையல்காரர் பாடிக்கொண்டே வந்தார். மேலே போனதும் எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தோம். எங்கள் ஏரிக்கரையை நினைத்துச் சிரித்தோம்.

மறுபக்கம் இறங்கும்போதுதான் தெரிந்தது. இரண்டாவது வளைவிலேயே என் செருப்பு புகைந்தது. மூன்றாவது வளைவில் தையல்காரரைக் காணவில்லை. முட்புதருக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நான் நின்னுட்டேன். நீங்க எப்படி நிக்கப்போறீங்கன்னு பாருங்க."

எதிரே ஒரு மலைக்காரர், கீழே விறகு போட்டுவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்கள் வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பிரேக் எங்க?"

"கால்ல" என்றேன்.

அவர் வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தார். பிறகு கத்தியை எடுத்து ஐந்து பெரிய கிளை வெட்டினார். தழையோடு கயிற்றில் கட்டி, எங்கள் கேரியருக்குப் பின்னால் இழுத்துவர மாட்டினார். கிளை தரையில் உரச உரச வண்டி அடங்கும். அதுதான் அங்கே பிரேக்.

அதோடு இறங்கினோம். அடுத்து ஏறிய ஏலகிரிக்கும் அப்படியே. ஆனால் கிளை தேயும், கயிறு அறும், இறங்கி இறங்கிக் கட்ட வேண்டும். தேர் இழுப்பது போல. ஒன்றரை நாள் அதில் போயிற்று. ஞாயிறு இருட்டும்போது ஆற்காடுதான் வந்திருந்தோம். ஊருக்கு இன்னும் நாற்பத்தைந்து மைல் இருக்கும்.

நான் சாப்பிடவில்லை. தையல்காரர் பார்த்தார்.

"காலையில நீ முன்னால போயிடு. நாங்க மெதுவா வர்றோம்."

"சேந்து போறதுன்னு பேச்சு."

"அப்போ எல்லாருமே வேகமா போவோம்."

விடியும்முன் கிளம்பினோம். காஞ்சிபுரத்தில் டீகூடக் குடிக்கவில்லை. வாலாஜாபாத்துக்கு முன்னால் எனக்குப் பஞ்சர். நாலு பேரும் இறங்கி, ஒருவர் டயரைக் கழற்ற, ஒருவர் ஒட்ட, ஒருவர் காற்றடிக்க, தையல்காரர் கடிகாரத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டே நின்றார். மறுபடி மிதித்தோம். நல்ல வெயில்.

சாலையிலிருந்து ஊருக்குத் திரும்பும் முனையில் மதகுமேல் மச்சான் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. மடியில் டிபன் கேரியர்.

"மணி இன்னா?" என்றேன்.

"பன்னெண்டு இருவது" என்றார் தையல்காரர்.

"காலை பஸ்ல ஏறி இருக்கலாமே மச்சான்."

"நீ வரேன்னியே" என்றான்.

அவனுக்கு இன்னும் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் மிதிக்க வேண்டும். ஆனாலும் ஊர்ப் பக்கம் கையைக் காட்டினான். "எல்லாரும் மாலையோட நிக்கறாங்க மாமா. ஒரு மைல்தான். வரிசையில நீயும் போயிட்டு வந்து குடு. நான் இங்கயே கீறேன்."

மனசாரத்தான் சொன்னான். மாலை, தேங்காய், பேச்சு என்று ஊர் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். இறங்கினேன். டயரை அமுக்கிப் பார்த்தேன். காற்று இருந்தது.

"பிரேக் இல்ல, பாத்துப் போ."

"என் வண்டிக்கு எனக்கேவா சொல்ற" என்று ஏறினான். முன்னால் மஞ்சள் துணி அப்படியே இருந்தது. கேரியரில் ஞாபகத்துக்காக நான் கட்டிவைத்த ஒரு முழம் கிளையும் இருந்தது. அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை.

"பின்னால ஏறு" என்றார் தையல்காரர்.

"ரெண்டு மலை ஏறிட்டு இங்க டபுள்ஸா?" என்று நடக்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். நாலு பேரும் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அப்படியே ஊருக்குள் போனோம். டீக்கடைக்காரர் எங்களை எண்ணினார்.

"நாலு வண்டி, அஞ்சு பேர். லாரிகூட ஏத்திக்கலியா? நடந்தேவா வர்றீங்க?"

ஊரே சிரித்தது. தையல்காரர் விளக்கம் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை.

தூரம் போய் வந்த வண்டிக்குச் சக்கரத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். நாலு வண்டிக்கும் ஊற்றினார்கள். என் மனைவி சொம்போடு என் முன்னால் வந்து நின்றாள்.

"தம்பி வண்டி?"

"போயிடுச்சு. ரெண்டு மணிக்கு முன்னாடி கேட்ல நிக்கும்."

"அப்போ சரி" என்று தண்ணீரை என் காலில் ஊற்றினாள். வலது செருப்பில் பாதிதான் இருந்தது. "பிரேக்குக்கு ஊத்திட்டேன், போ."

மறுநாள் காலை மச்சான் வந்தான். கால் மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்ததாகச் சொன்னான். கேட்டில் வாட்ச்மேன் மஞ்சள் துணியைப் படித்துவிட்டு சூப்பர்வைசரைக் கூப்பிட்டாராம். மலையெல்லாம் சைக்கிளிலேயே சுற்றிவிட்டா வேலைக்கு வருகிறாய் என்று அவர் கேட்டாராம்.

"நீ இன்னா சொன்ன?"

"இல்லன்னு சொன்னா வண்டி கதை, உன் கதை, பிரேக் கதை எல்லாம் சொல்லணும். மொத நாளே அவ்ளோ பேசலாமா மாமா? ஆமா சார்னுட்டேன்."

அன்றிலிருந்து அந்த லைனில் அவன் பெயர் 'மலை'. கடைசி ஷிஃப்ட் வரைக்கும் அதுதான்.

அவன் மகள் கல்யாணத்துக்கு ஃபேக்டரிக்காரர்கள் வந்திருந்தார்கள். பந்தியில் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா பெரியவரே? பொண்ணோட அப்பா சைக்கிள்லயே ரெண்டு மலைய சுத்திட்டு வந்தவரு. பிரேக்கே இல்லாம."

"அப்படியா" என்றேன்.

மச்சான்தான் பரிமாறிக்கொண்டிருந்தான். என் இலையில் இன்னொரு ஜாங்கிரி வைத்துவிட்டுப் போனான்.