திருநீற்றை நம்பி வாங்கிய புளோவர்

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த சமயம், அங்கே காஜா பெராங் வட்டாரத்தில் கார் சாமான் கடை வைத்திருந்தேன். ஒல்லியான டாக்சிக்காரர் ஒருவர் வந்தார். பேசும்போதெல்லாம் தன் சின்னக் காரை மாட்டைத் தடவுவது போலத் தடவுவார். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் புளோவர் கேட்டார்.

"நாலு பேரு ஏறினா இழுக்க மாட்டேங்குதுண்ணே. பெருசா, சின்னதா, நீங்களே சொல்லுங்க. உங்க நெத்தியில திருநீறு இருக்கு, பொய் வராது."

அந்தக் காருக்குச் சின்னதுதான் பொருந்தும்; பெரியது அழுத்தும் காற்றை அதன் இன்ஜின் தாங்காது. ஆனால் கடையில் விலைபோகாமல் கிடந்தது பெரியது. அதையே கொடுத்தேன்.

சில வாரத்தில் இன்ஜின் வெடித்து, அவர் பிழைப்பும் போயிற்று. கடைக்குத் திரும்பி வந்தவர் திட்டவில்லை.

"உங்களுக்கும் தெரியாம போச்சு போல. பரவால்லண்ணே."

எனக்குத் தெரியும். முருகனுக்கும் தெரியும். திருநீறு பூசும்போதெல்லாம் அந்த டாக்சிக்காரர் முகம்தான் முன்னால் நிற்கிறது. இதை யாரிடமாவது சொல்லுங்கள். தெரியாமல் செய்தேன் என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள்.