நான் பூசிய துரு

சிதம்பரத்தில் நான் படித்த கல்லூரி லேப் உதவியாளருக்கு என் வயதுதான். காதில் டெஸ்டர் செருகியிருப்பார். எதையும் தடவிப் பார்த்த பிறகே பேசுவார்.

கண்காட்சியன்று, முதுநகர் ரயில் ஜங்ஷன் போல நான் செய்த மாடலில், தடம் மாறும் இடத்தில் பொம்மை ரயில் நின்றுவிட்டது. ஒயர்களைப் பற்றவைத்தவர் அவர்.

"என்னய்யா சால்டர் வச்ச? மொத்தமும் ஊத்திக்கிச்சு!" என்று எல்லார் முன்னும் கத்தினேன்.

அவர் தண்டவாளத்தை நகத்தால் சுரண்டினார். பழுப்பு பெயிண்ட் உதிர்ந்தது. துருப்பிடித்தாற்போல் தெரியட்டும் என்று முந்தினநாள் நான்தான் பூசியிருந்தேன். தண்டவாளம் வழியாகத்தான் ரயிலுக்குக் கரண்ட்; பெயிண்டைத் தாண்டி எப்படிப் போகும்?

பேராசிரியர் வந்து, "யார் தப்பு?" என்றார்.

"என் ஒயர்தான் சார் லூசு" என்று சொல்லி உதவியாளர் திட்டு வாங்கினார். பேராசிரியர் நகர்ந்ததும் அவரே பெயிண்டைச் சுரண்டி முடிக்க, ரயில் ஓடியது. எனக்குப் பரிசு.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று பிறகு கேட்டேன்.

"நீங்க சொல்லுவீங்கன்னு கொஞ்ச நேரம் பாத்தேன் சார்."

அந்தக் கொஞ்ச நேரமும் நான் பேராசிரியர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.