ஆவணி வரை பிரிக்காத பெட்டிகள்

"ஆடி மூன்றாம் வெள்ளி. காலை 11.20. ஐந்தாவது பெட்டி வந்தது: பிராசசர். முத்திரை சரியாக உள்ளது. பிரிக்கவில்லை. திருப்பி அனுப்பக் கெடு: ஏழு நாள்."

என் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது. கடைசி வரியின் கீழே சிவப்பு மையில் கோடு இழுத்தவனும் நான்தான். முக்கியமானவற்றுக்கு மட்டுமே சிவப்பு மை எடுப்பது என் வழக்கம். கோடு போட்டுவிட்டு, அந்த ஏழு நாளும் ஒவ்வொன்றாகக் கழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி கல்யாண ஆல்பங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறாள். கீழ்பென்னாத்தூரில் உள்ள ஒரு ஸ்டூடியோவுக்காக ஆறு ஆண்டுகள் அதைச் செய்தாள். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஸ்டூடியோவின் பெயர்தான் இருக்கும். அந்த ஆனியில் ஒரு நிச்சயதார்த்த ஆல்பம் வந்தபோது, தனக்கு நேரமில்லை, நீயே தனியாக எடுத்துச் செய் என்று ஸ்டூடியோக்காரர் பெண் வீட்டாரை இவளிடம் அனுப்பிவிட்டார். ஆவணி பதினொன்றில் கல்யாணம். முந்தின நாள் மாலை வரவேற்பு நடக்கும் இடத்தில் அந்த ஆல்பம் இருக்க வேண்டும். நன்றாக வந்தால் கல்யாண ஆல்பமும் அவளுக்கே. அவளுடைய பழைய மடிக்கணினியோ இருபது படங்களைத் திறந்தால் திணறும், இருபத்தோராவதில் அணைந்துவிடும்.

ஆகவே ஒரு டெஸ்க்டாப் தேவைப்பட்டது. முழுதாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளலாம் என்றேன். பணம் அவளுடைய சேமிப்பு, ஆராய்ச்சி என்னுடையது என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

நான் வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் பதிவேடுகள் பிரிவில் இருப்பவன். பாகத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு நான்கு பத்தி என்று கோடு போட்டேன். காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை குறித்தேன். முன்பின் தெரியாத மனிதர்கள் மின்விசிறிகளைப் பற்றி இணையத்தில் போட்டுக்கொண்ட சண்டைகளைக்கூட விடாமல் படித்தேன். பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"சார், நம்ம ஆபீஸ் டெண்டரே இவ்ளோ நாள் ஆவாதே."

"டெண்டர்னா மூணு பேரு வருவாங்க. இதுல பிராசசர் மட்டும் பதினேழு இருக்குது."

"பதினாறு உங்கள பாத்து பயந்து ஓடிடும் சார். மிச்சம் நிக்கிறத வாங்கிக்கோங்க."

கடைசியில் இரண்டு நின்றன. ஒரே நிறுவனம், ஒரே வேகம், ஒரே சூடு. ஒன்று மட்டும் விலை கம்மி. ஏன் கம்மி என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை. மிச்சமான பணத்தில் ராம் நினைவகத்தை இரட்டிப்பாக்கலாம் என்ற கணக்கில் நான் மிகுந்த மகிழ்ச்சியோடு இருந்தேன்.

அதற்குள் ஆடி பிறந்து, எங்கு பார்த்தாலும் தள்ளுபடி.

"வாங்குறத இப்பவே வாங்கிடுங்க" என்றாள் மனைவி. "ஆனா ஆடில பிரிக்க வேணாங்க."

"ஆடில கல்யாணம்தான் பண்ண மாட்டாங்க. கம்ப்யூட்டருக்கு என்ன?"

"என் பேருல மொதமொத எடுத்த வேலை. நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா, ஆடில ஆரம்பிச்சோமேன்னு மனசு அடிச்சிக்கும்."

ஆடியில் வாங்கலாம், தொடங்கக் கூடாது. தள்ளுபடி விற்பனை முழுவதும் இந்தச் சிறிய சந்துக்குள்தான் நடக்கிறது. நான் வாதாடியிருக்கலாம். உண்மையைச் சொன்னால், "ஆவணி ஒன்று: தொடக்கம்" என்று எழுதிவைக்கும் ஆசை எனக்கும் இருந்தது. இப்படியாக ஏழு பெட்டிகள், ஆளுக்கொரு மஞ்சள் பொட்டோடு, பீரோவுக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்து ஆவணிக்காகக் காத்திருந்தன.

ஆவணி ஒன்று, வியாழக்கிழமை. விடுப்பு எடுத்தேன். நல்ல நேரம் பார்த்துக் கற்பூரம் காட்டிப் பெட்டிகளைப் பிரித்தோம். இரண்டே முக்கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் பூட்டி முடித்தேன். திருகு ஒன்றுகூட மிஞ்சவில்லை. பொத்தானை அவளே அழுத்தினாள். மின்விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரையில் மட்டும் "சிக்னல் இல்லை" என்று வந்தது.

கேபிளை மாற்றினேன். ராமைக் கழற்றி, அதன் பல்வரிசையை ரப்பரால் தேய்த்து மறுபடி செருகினேன். மறுபடியும் சிக்னல் இல்லை. மூன்றாவது முறை நான் ரப்பரைத் தேடியபோது, அவள் பிராசசர் பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல படம் வராதாம். தனியா கிராபிக்ஸ் கார்டு போடணுமாம். பெட்டிலயே போட்டிருக்குது."

"எங்க?"

"பின்னாடி. நீங்க முன்னாடி இருந்த வெலைய எழுதிக்கிட்டிருந்தீங்க."

விலை கம்மியாக இருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. விற்றவருக்குப் போன் போட்டேன்.

"சார், கெடு முடிஞ்சி ஆறு நாள் ஆச்சே. வந்தவுடனே பிரிச்சிப் பாக்கலயா?"

"இல்ல. ஆடி."

"எங்க வீட்லயும் அப்படித்தான் சார். ஆனா சிஸ்டத்துல ஆடினு ஒரு ஆப்ஷன் இல்லியே."

மனைவி சிரித்தாள். பிறகு நாட்காட்டியைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. அன்றையும் சேர்த்து வரவேற்புக்குப் பத்து நாள். அச்சிட்டுக் கட்டித் தரும் லேபுக்கு நான்கு நாள். அவளுக்கென்று இருந்தது ஆறே நாள். புதுக் கார்டு வாங்கக் கையில் பணம் இல்லை. என் சம்பளத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

"வேற யாருகிட்டனா குடுத்துடலாமாங்க?" என்றாள்.

நான் குறிப்பேட்டை மூடிவைத்தேன்.

ஸ்டூடியோக்காரரிடம் கேட்கலாம் என்பது அவளுக்குத் தெரியும். தனியாக எடுத்த முதல் வேலைக்கே பழைய இடத்தில் போய் நிற்பதா என்று ஒரு மணி நேரம் சமையலறையில் பாத்திரங்களை அடுக்கிக் கலைத்து அடுக்கினாள். பிறகு போனை எடுத்தாள்.

"அண்ணா, பழைய கிராபிக்ஸ் கார்டு எதுனா கெடக்குதா?"

ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. "ஒண்ணு இருக்குது தங்கச்சி. மழைல போர்டு போச்சே, அந்த மெஷின்ல கழட்டினது. நாளைக்கி மத்தியானத்துக்குள்ள வந்துட்டுப் போயிடுங்க. பௌர்ணமி கிரிவலம். அப்புறம் வண்டி வுட மாட்டாங்க."

மறுநாள் ஸ்கூட்டரில் போனோம். அவர் கார்டை எடுத்துத் தூசியை ஊதினார்.

"ஃபேன் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி சார். மத்தபடி ஓடும். ஆமா, நாப்பது நாள் ஆராய்ச்சி பண்ணீங்களாமே?"

"நாப்பத்தியொண்ணு" என்று திருத்தினேன். அண்ணனும் தங்கையும் என்னைப் பார்க்காமல் சிரித்தார்கள்.

"உங்க பெட்டிக்குள்ள இது நுழையுமா, பாத்துக்கோங்க."

"இது இருபத்திமூணு சென்டிமீட்டர் இருக்கும். நம்ம கேபினெட்ல இருபத்தெட்டு வரைக்கும் போவும்" என்றேன், குறிப்பேட்டைப் பார்க்காமலே.

"பரவால்லயே தங்கச்சி, ஒரு பக்கமாவது உதவிச்சி."

மத்தியானத்துக்குள் திரும்ப முடியவில்லை. சாப்பிடாமல் அவர் எங்களை விடவில்லை. பைபாஸில் சுற்றி வந்தும், ஆசிரமப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கார்டைத் துணிப்பையில் போட்டு மார்போடு அணைத்தபடி அவள் முன்னால் நடந்தாள். மலை சுற்றுபவர்கள் எல்லாரும் ஒரு பக்கமாக வந்தார்கள். நாங்கள் இருவர் மட்டும் எதிரே போனோம்.

"எதிர்ல வரக்கூடாதுமா, திரும்பிப் போங்க" என்றார் ஓர் அம்மாள்.

"இத மாட்டிட்டு வந்து சுத்துறேம்மா" என்றாள் மனைவி, நிற்காமல்.

மாலை 6.10க்குத் திரை ஒளிர்ந்தது. கார்டின் மின்விசிறி, சட்னி அரைக்கிற மிக்சியைப் போலக் கத்தியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் படங்களைத் திறந்தாள். இருபத்தொன்று, இருபத்திரண்டு, அறுபது. எதுவும் அணையவில்லை. ஆவணி ஆறாம் தேதி ஆல்பம் லேபுக்குப் போனது. பத்தாம் தேதி மாலை வரவேற்பில், சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்து மேசையில் அது இருந்தது. கடைசிப் பக்கத்தில் அவள் பெயர் இருந்தது. பெண்ணின் அத்தை இரண்டு முறை புரட்டிவிட்டு, கல்யாண ஆல்பத்தை எப்போது தருவீர்கள் என்று கேட்டாராம். எனக்கு அழைப்பு இல்லை. அவள் சொல்லித்தான் தெரியும்.

அதன் பிறகு மூன்று ஆல்பங்கள் முடிந்துவிட்டன. கார்டு இன்னும் எங்கள் வீட்டில்தான் ஓடுகிறது. அன்று ஸ்டூடியோக்காரர் அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாரே தவிர, திருப்பித் தர வேண்டுமா என்று ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை கேட்டுவிடட்டுமா என்றேன்.

"நீங்க ஒண்ணும் கேக்க வேணாம். கேட்டீங்கன்னா அவரு யோசிக்க ஆரம்பிச்சிடுவாரு."

ஆகவே அது இரவலா, அன்பளிப்பா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதி செய்யப்படாத தகவல்.