கோடாலி என் கையில்தான் இருந்தது

ஆரணியில் பட்டுத்தறிக் குடும்பத்தில் பிறந்த நான், எண்பதுகளில் பம்பாய்க் கடலில் எண்ணெய் எடுக்கும் ஒரு மேடையில் வேலை பார்த்தேன். ஒரு மத்தியானம் எரிவாயு பீறிட்டு மேடை தீப்பிடித்தது!

முதல் உயிர்காப்புப் படகு இறங்கும்போதே கம்பி சிக்கி, ஆளில்லாமல் அந்தரத்தில் தொங்கியது. எல்லோரும் இரண்டாவதில் ஏறினோம். அது தண்ணீரைத் தொட்டதும் "ஹோ" என்று கத்தினோம். ஆனால் படகை மேடையோடு பிணைத்திருந்த கயிறு முறுக்கிக்கொண்டு விடவில்லை. தலைக்கு மேலே தீ!

முனையில் இருந்த என்னிடம் கோடாலியைக் கொடுத்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அதைக் கீழே வைத்துவிட்டு, முடிச்சை நகத்தால் அவிழ்க்கத் தொடங்கினேன்! தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் சிக்கினால் அறுக்கவே கூடாது என்று பழகிய கை.

"யோவ், இன்னாய்யா பண்ணிகினு கீற? இது பாவு இல்லய்யா, கயிறு! ஜல்தியா வெட்டு!"

அலறியவர் எங்கள் சமையல்காரர், ஆரணிக்குப் பக்கத்துக் கண்ணமங்கலத்துக்காரர். எப்போதும் 'வாங்க, போங்க' என்று பேசுகிறவர்.

வெட்டினேன். மூன்றாவது வெட்டில் படகு துள்ளி விலகியது. நாங்கள் இருந்த இடத்தில் எரியும் இரும்புச் சட்டம் ஒன்று விழுந்தது!

பிறகு தறிக்கே திரும்பிவிட்டேன். சிக்கலை இன்றும் பொறுமையாகத்தான் அவிழ்க்கிறேன். ஆனால் அதற்கு முன், என் பொறுமைக்காகப் பின்னால் யாராவது காத்திருக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.