ஞாபகம் தொலைத்த இளவரசன்

நான் எழுதிய முதல் நாடகம் ஓகோவென்று ஓடிவிட்டது. வந்த வினையெல்லாம் அதனால்தான்.

மாரிகுப்பத்தில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் சேர்ந்து நடத்திய நாடக மன்றம் அது. தொழிலாளர்களின் வருகையைப் பதிகிற டைம் ஆபீஸில் குமாஸ்தாவான நான் அதற்கு ஒரு மாயாஜாலக் கதை எழுதிக் கொடுத்தேன். இளவரசன் ஏழு மலை தாண்டுகிறான், முனிவரிடம் மந்திர வாள் பெறுகிறான், அரக்கனை வெட்டுகிறான், இளவரசியைக் கட்டிக்கொள்கிறான். கதை முடிந்தது. முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

இளவரசனாக நடித்தவர், சுரங்க ஷாஃப்டில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டுக்கு மணி அடித்துச் சைகை கொடுப்பவர். நாடகத்துக்குப் பிறகு ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் அவர் நடையே மாறிவிட்டது. முருங்கைக்காய் விலை கேட்டால்கூடப் போருக்கு அழைப்பது மாதிரி இருக்கும். ஷிப்டுக்கு இறங்குகிறவர்கள், "இளவரசே, மணி அடிங்க" என்பார்கள். அது கிண்டல் என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

அடுத்த வருஷம் மன்றத்தில் இரண்டாம் பாகம் கேட்டார்கள். புதுக் கதாநாயகனை வைத்து எழுதுகிறேன் என்றேன். இளவரசர் எழுந்து நின்றார்.

"இன்னாங்க இது? ஜனங்க என்னைப் பாக்கத்தானே வராங்க?"

"உங்ககிட்ட வாள் இருக்கு, வரம் இருக்கு, ராஜ்யம் இருக்கு, பொண்டாட்டியும் இருக்கா. இனிமே நீங்க யாருக்குப் பயப்படணும்? பயமில்லாதவனை வச்சு நான் மூணு மணி நேரம் என்னா எழுதறது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். யோசித்திருக்க வேண்டாம். "தலையில அடிபட்டு எல்லாம் மறந்துபோச்சுன்னு எழுதுங்க. வாளும் காணாமப் போயிடுச்சு. மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்."

மன்றம் கைதட்டியது. கலைக்காக உயிரைக் கொடுப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்த நான், மூன்று நிமிஷத்தில் தலையாட்டினேன்.

அத்தோடு விடவில்லை. காட்டுராணி ஒருத்தியைக் காதலித்துப் பாட வேண்டுமாம். கல்யாணமானவன் எப்படிப் பாடுவது? ஆகவே முதல் காட்சியிலேயே இளவரசியைப் பாம்பு கடித்துச் சாக வேண்டும். இளவரசியாகப் பெண் வேஷம் கட்டியவர் ராபர்ட்சன்பேட்டை தையற்காரர். எங்கள் மன்றத்தில் நடிக்கத் தெரிந்த ஒரே ஆள். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார்.

"போன வருஷம் அரக்கன் கோட்டையில ஆறு மாசம் பட்டினி கெடந்தவ நான். இப்ப பாம்பு கடிச்சு ரெண்டே நிமிஷத்துல போயிடணுமா?"

"ஆமாங்க."

"அப்புறம் எனக்கு இன்னா வேலை?"

"சைடுல நின்னு மத்தவங்களுக்கு வசனம் எடுத்துக் குடுக்கணும்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, தார்ப்பாய் கட்டிய மைதானத்தில் நாடகம். இளவரசி செத்தாள். முன்வரிசைப் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். இளவரசர் தலையைப் பிடித்துக்கொண்டு, "நான் யார்? என் பெயர் என்ன?" என்றார். பின்னாலிருந்து ஒருவர், "மணி அடிக்கிறவர்ப்பா!" என்று கத்தினார். பழைய அரக்கனாக நடித்தவரே, அதே மீசையோடு, அரக்கனின் தம்பியாக வந்து இறங்கினார். அவங்கம்மாவுக்கு இன்னும் எத்தனை பிள்ளைங்க என்று ஒரு அம்மாள் விசாரித்தாள். அரக்கன் கையை ஓங்க, இளவரசர் வெறுங்கையோடு நின்றார். "மந்திர வாளு இன்னா ஆச்சு? போன வருஷம் குடுத்தாங்களே!" என்று கூட்டம் முழுக்கக் கேட்டது. அதற்கு என்னிடம் வசனம் இல்லை.

தையற்காரரிடம் இருந்தது. கையிலிருந்த வசன நோட்டைக் கீழே போட்டுவிட்டு, அதே சேலையோடு மேடைக்கு வந்தார்.

"நான் சாகலே. அந்தப் பாம்புக்கு விஷமே கிடையாது. இந்த மனுஷன் எதையும் ஒழுங்கா வைக்கமாட்டாருன்னு வாளை எடுத்து நான்தான் பத்திரப்படுத்தினேன்."

மைதானம் அதிர்ந்தது. தையற்காரர் அட்டை வாளால் அரக்கனை அடித்த அடியில் மீசை கழன்று விழுந்தது. காட்டுராணி வேஷக்காரர் திரைக்குப் பின்னாலேயே தங்கிவிட்டார். இளவரசர் நடு மேடையில், இன்னும் எதுவும் ஞாபகம் வராதவராக, கையைப் பிசைந்துகொண்டு நின்றார். திரையை இழுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்த இரண்டாம் பாகத்துக்காக அவரிடம் பட்டதற்கு அந்தப் பத்து நிமிஷம் எனக்குத் தேவையாக இருந்தது.

மறுநாளிலிருந்து டைம் ஆபீஸ் ஜன்னலில் இளவரசர் என்னைப் பார்க்காமலே வருகை டிக்கெட்டை நீட்டினார். மன்றத்தில் மூன்றாம் பாகம் பற்றிப் பேச்சு வந்தது. எல்லாரும் ஒரே குரலில் இளவரசிதான் வேண்டும் என்றார்கள். தையற்காரர் மட்டும் மறுத்துவிட்டார்.

"அவ கதை முடிஞ்சுபோச்சுங்க. ஜெயிச்சவளை வீட்டுல கொஞ்சம் நிம்மதியா இருக்க வுடுங்க. எனக்கு ஒரு திருடன் வேஷம் குடுங்க, போதும்."

மன்றத்தில் மூன்று நிமிஷத்துக்கு மேல் என்னால் சொல்லி நிற்க முடியாததை அவர் பித்தான் தைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். எழுத்தாளன் என்ற பட்டம் எனக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் உறுத்தியது.